கயிறு பிடித்தவர்கள்

திருமலைக் கருவறையில் பூஜை நடக்கும்போது அர்ச்சகர் கையில் மணி இருக்காது. மற்றப் பெருமாள் கோயில்களில் தூபத்துக்கும் தீபத்துக்கும் இடது கையில் கிணுகிணுக்கும் அந்தச் சிறிய வெண்கல மணி, நாட்டிலேயே அதிகக் கூட்டம் கூடும் இந்தக் கோயிலில் இல்லை. அது காணாமல் போய் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அதற்குப் பதிலாக வேறொன்று வைக்கப்படவில்லை என்பது வைணவ மரபு தரும் விளக்கம். எங்கே போயிற்று என்ற கதை மலை ஏறும்போது.

இந்த மணியைப் பற்றி நினைக்க வைத்தது, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஓர் ஆங்கிலக் குறிப்பு. மொழிபெயர்ப்பில் பிழைப்பவன் மேஜைக்கு எது வேண்டுமானாலும் வரும். உரக் கம்பெனியின் ஆண்டறிக்கை வரும், பல் மருத்துவக் கையேடு வரும். அப்படி ஒரு நாள் வந்தது, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் தேவாலய மணியடிப்போர் குழுவில் பல ஆண்டுகள் இருந்து மறைந்த ஒருவருக்கான அஞ்சலி. குழுவினர் அவரை எவ்வளவு நேசித்தார்கள் என்பது வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் கடைசி வாக்கியத்தில் சிக்கிக்கொண்டேன். அவர் நினைவாக மணிகள் ‘ஹாஃப் மஃபிள்ட்’ ஆக ஒலித்தன என்று அது முடிந்தது. அகராதியில் மஃபிள் என்றால் போர்த்து, மூடு, ஒலியை அடக்கு. பாதி போர்த்திய மணியா? வாசகர் கம்பளியைக் கற்பனை செய்வார்.

நம் ஊரில் மணியடிப்பது ஓர் ஆள் வேலை. அங்கே அது கோஷ்டி வேலை. கோபுரத்தில் ஆறு, எட்டு, சில இடங்களில் பன்னிரண்டு மணிகள் ஒவ்வொன்றும் ஒரு சக்கரத்தில் மாட்டப்பட்டிருக்கும். ஒரு மணிக்கு ஒரு கயிறு, ஒரு கயிற்றுக்கு ஓர் ஆள். இழுத்தால் மணி தலைகீழாக நின்று, முழு வட்டம் சுற்றி, திரும்பவும் தலைகீழாக வந்து நிற்கும். அத்தனை எடையுள்ள வெண்கலத்தை நினைத்த நொடியில் அடிக்க வைக்க முடியாது. கொஞ்சம் முந்தச் செய்யலாம், கொஞ்சம் பிந்தச் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே அதில் பாட்டு வாசிப்பதில்லை. மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். ஒரு முறை வந்த வரிசை மறுமுறை வரக்கூடாது. ஏழு மணிகளை இப்படி 5,040 விதமாக அடிக்கலாம். அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். எட்டு மணிகள் என்றால் 40,320 விதம். நம் சங்கீதக்காரர்களுக்கு இந்த எண் புதிதல்ல. 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் தமது சங்கீத ரத்னாகரத்தில் ஏழு ஸ்வரங்களுக்குப் பிரஸ்தாரம் போட்டு எட்டிய எண்ணிக்கையும் 5,040-தான். ஆங்கிலேயர் கயிற்றைப் பிடிப்பதற்கு வெகுகாலம் முந்தி!

இந்த முறைப்படி மாட்டிய மணிகள் இந்தியாவில் புணேயில் இருக்கின்றன. பஞ்ச் ஹௌத் பகுதியிலுள்ள ஹோலி நேம் தேவாலயத்தின் தனிக் கோபுரத்தில் எட்டு மணிகள். (1890-ல் இதே பஞ்ச் ஹௌத் மிஷனில் தேநீர் குடித்ததற்காகத்தான் திலகரும் ரானடேயும் சாதிக் கட்டுப்பாட்டுக்கு ஆளாகிப் பிராயச்சித்தப் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டார்கள்.)

குழுவில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் கோபுரம் ஏறி, ஒவ்வொரு மணியின் நாக்கிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் தோல் பட்டை கட்டுகிறார்கள். மணி ஒரு பக்கம் சுழலும்போது கணீரென்று அடிக்கும். மறுபக்கம் சுழலும்போது அதே அடி, தூரத்தில் வேறு யாரோ பதில் சொல்வதுபோல் மங்கிக் கேட்கும். இதுதான் ‘ஹாஃப் மஃபிள்ட்’. நாக்கின் இரு பக்கமும் கட்டுவது அபூர்வம். 2022-ல் எலிசபெத் ராணி இறந்தபோது அப்படிக் கட்டினார்கள். முதல் உலகப் போரில் மடிந்த பிரிட்டிஷ் மணியடிப்போர் சுமார் 1,400 பேர். போர் முடிந்த நூற்றாண்டை ஒட்டி 2018-ல், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஈடாகப் புதிதாக ஒருவருக்குக் கயிறு பிடிக்கக் கற்றுத்தர ஓர் இயக்கமே நடந்தது. நினைவுச் சின்னங்களில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் சித்தூர்க்கார நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிட்டு, “எங்க கோயில்லயும் ஒரு கோஷ்டி இருந்துச்சு, ஒரு தாத்தாவும் இருந்தாரு. வந்து கேளுங்க” என்றார். சித்தூர் போக அவ்வளவு காரணம் போதும்.

காட்பாடியில் ஏறினால் பாசஞ்சர் வண்டி சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போய்ச் சேர்கிறது. மொத்தமே நூறு கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் பெட்டியில் பேச்சு மொழி இரண்டு மூன்று முறை மாறிவிடும். தமிழில் தொடங்கிய சண்டை தெலுங்கில் சமாதானம் ஆகும். வட வேங்கடத்தைத் தமிழின் எல்லை என்று சொன்னவர்கள் நாம். ஆட்சியாளர்கள் போட்ட கோடுகளோ அடிக்கடி நகர்ந்தன. 1911-ல் வட ஆற்காட்டையும் கடப்பையையும் வெட்டிச் சித்தூர் ஜில்லா உண்டாயிற்று. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது அது அங்கே போனது. ம.பொ.சி.யின் போராட்டத்துக்குப் பலனாக 1960-ல் திருத்தணி மட்டும் தமிழகத்துக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் சித்தூர் டீக்கடையில் “ஒக டீ, சக்கரை கம்மியா” என்று கேட்பதை யாரும் நிறுத்தவில்லை.

ஊருக்குச் சில சரித்திர நினைவுகளும் உண்டு. 1782 டிசம்பரில் ஹைதர் அலி உயிர் விட்டது சித்தூருக்கு அருகே, பாசறையில். திப்பு வந்து சேரும்வரை படைக்குத் தெரியாமல் அந்தச் சாவை மறைத்து வைத்தார்கள். ஒரு மரணத்தை ஊருக்கு அறிவிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு, அறிவிக்கப்படாத இந்த மரணம் ஓர் உதாரணம்.

சித்தூருக்குத் தேவாலய மணிகளைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், வேலூரோடும் ஆரணியோடும் சித்தூரையும் தன் ஆரம்ப மையங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் இதே குடும்பத்தின் பேத்தி. மிஷனின் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. தமிழ் ஆராதனை ஒரு நேரம், தெலுங்கு ஆராதனை ஒரு நேரம் என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு மொழி ஜெபிக்கும் ஊர் இது.

நண்பர் அழைத்துச் சென்ற கோயிலின் பெயர் வேண்டாம். மணி பெரிதல்ல. ஓர் ஆள் கட்டிப்பிடிக்கலாம். விளிம்பில் ஆங்கில எழுத்துகள் இருந்திருக்கின்றன, இப்போது விரலால் தடவினால்தான் தெரிகிறது. வார்த்தவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் மணியில் இருப்பது வழக்கம். நியூசிலாந்தில் 1836 வாக்கில் மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திய ஓர் உடைந்த மணியை வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வாங்கினார். அதில் இருந்தவை தமிழ் எழுத்துகள். முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி அது என்று படித்திருக்கிறார்கள். கப்பல் எங்கே போயிற்று என்று தெரியாவிட்டாலும் உடைமையாளர் பெயர் நிலைத்துவிட்டது. அந்த மணியை நடுக்கடலில் அடித்த மாலுமியின் பெயரை யாரும் வார்த்து வைக்கவில்லை.

சித்தூர்த் தாத்தாவுக்குத் தொழில் சைக்கிள் ரிப்பேர். கடை கோயிலுக்கு எதிர்ச் சாரியில். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மணி அவர் பொறுப்பில் இருந்தது. தெற்கே, திருநெல்வேலிப் பக்கத்தில், இந்த வேலை செய்பவரைக் கோயில்குட்டி என்பார்கள். இங்கே தமிழ்க் குழந்தைகளுக்கு ‘மணித் தாத்தா’, தெலுங்குக் குழந்தைகளுக்கு ‘கண்ட தாத்தா’. எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். தினமும் காலையில் ஆகாசவாணிச் செய்திக்கு முன் வரும் பீப் ஒலிக்கு அதைச் சரிசெய்துகொள்வார். ஞாயிறு முதல் மணி கேட்டால் வெல்ல மண்டி மூட்டைக்காரர்கள் டீ குடிக்க எழுவார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் ஒருவரோ இருவரோதான்.

“முதல் மணி ஊரை எழுப்பறதுக்கு, ரெண்டாம் மணி சபையைக் கூப்பிடறதுக்குன்னு சொல்வாரு” என்கிறார் ஓர் ஆட்டோ ஓட்டுநர். வயது நாற்பதுக்குள். தாத்தாவின் கோஷ்டியில் இருந்த ஆறு பேரில் ஒருவர். “முதல் மணிக்குக் கை முழுசா இழுப்பாரு. ரெண்டாவதுக்கு முழங்கை வரைக்கும்தான். வித்தியாசம் எங்க பாட்டிக்குத் தெரியும். சமையல்கட்டுல இருந்துக்கிட்டே ‘ரெண்டாம் மணி ஆயிடுச்சு’ன்னு கத்தும்.”

கோஷ்டி என்பது யாரும் கூட்டம் போட்டு அமைத்ததல்ல. கடையில் பஞ்சர் ஒட்ட வந்த பையன்கள் கயிற்றைத் தொட ஆசைப்பட்டார்கள், தாத்தா தொடவிட்டார். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புது வருஷத்து மணியை அடிக்கும் உரிமை கோஷ்டிக்கு. முதல் இழுப்பு யார் சின்னவரோ அவருக்கு. பெண் பிள்ளைகளுக்கும் கயிறு உண்டு என்று தாத்தா சொன்னபோது சில பெரியவர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். அவர் ஒரு நட்டை முறுக்கிக்கொண்டே, “மணிக்குத் தெரியவா போகுது?” என்றாராம்.

அப்படிக் கயிறு பிடித்த பெண் இப்போது வேலூரில் நர்ஸ். விடுமுறைக்கு வந்திருந்தார். மணியடிப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார்.

“எல்லாரும் முதல்ல இழுத்துப் பிடிச்சுக்குவோம் அண்ணா. பிடிச்சா நாக்கு மணியோட ஒட்டிக்கும், சத்தம் செத்துரும். டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். தாத்தா சொல்லுவாரு, ‘இழுக்கறது அரை வேலைம்மா, விடறது அரை வேலை’ன்னு. அடிச்ச உடனே கயிற்றை விட்டுக் கொடுக்கணும். அதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு.”

மேலே அச்சுக்கு மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய் விடுவார். கயிறு பருத்திதான் வேண்டும், நைலான் கையை அறுக்கும் என்பார். கடைசி ஆண்டுகளில் இடது காது கேட்கவில்லை. கோபுரத்தின் கீழ் நாற்பது வருஷம் நின்ற காது. அதைப் பற்றி யாராவது வருத்தப்பட்டால், “கடன்காரன் வந்தா அந்தப் பக்கமா நிக்க வெச்சுக்குவேன்” என்று பதில் வரும்.

அவர் மிகக் கவனமாகச் செய்தது துக்க மணி. சபையில் ஒருவர் இறந்தால், அவர் வாழ்ந்த ஆண்டுகள் எத்தனையோ அத்தனை அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் பரமண்டல ஜெபத்தில் பாதி சொல்லிவிடலாம். குழந்தைகள் இறந்தால் மூன்று, நான்கு அடியோடு மணி நின்றுபோகும். தெருவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த அடிக்காகக் காத்திருப்பார்கள். அது வராது. ஊரே பயந்தது அந்த மௌனத்துக்குத்தான் என்றார் ஆட்டோக்காரர்.

2017 நவம்பர் மழையில் தாத்தா காலமானார். கோஷ்டிக்கு அன்று வந்த பிரச்சினையை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் வயதை எண்ணி அடித்தவரின் வயது யாருக்கும் தெரியவில்லை. ஆதார் அட்டையில் 77, பிறந்த தேதி ஜனவரி 1. தேதி தெரியாத பாதி இந்தியா ஜனவரி முதல் தேதியில்தானே பிறந்திருக்கிறது! வாக்காளர் அட்டையில் 81. ரேஷன் கார்டு, மற்ற இரண்டையும் நம்ப முடியாதபடி, 69 என்றது. ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடினார்கள். அந்தக் காலத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மூப்பர்கள் 77 என்றார்கள், அரசாங்கக் காகிதம் என்ற காரணத்தால். கோஷ்டி 81 என்றது. விவாதம் கோயில் வாசலில் அரை மணி நேரம் நடந்தது. கடைசியில் தாத்தாவின் மனைவியிடம் போனார்கள். அவர் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்துச் சொன்னாராம்:

“எண்பது அடிங்க. ஒண்ணு ரெண்டு கூடப் போனா அவர் கோவிச்சுக்க மாட்டார்.”

ஆறு பேரும் முறை வைத்து அடித்தார்கள். நர்ஸ் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து கடைசி இருபதுக்குக் கயிறு வாங்கினார். மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அடித்தது எண்பதா, எண்பத்தொன்றா என்பதில் கோஷ்டிக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஆட்டோக்காரர் எண்பத்தொன்று என்கிறார். ஜெயித்துவிட்ட திருப்தி அவர் குரலில் தெரிகிறது.

அதன் பிறகு சபைக் கமிட்டி ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணி வைத்தது. கமிட்டியைக் குறை சொல்வது எளிது, நியாயமல்ல. விடியற்காலை ஐந்தரைக்குக் கயிறு பிடிக்க யாரும் தினம் வர முடியாது. ஆறு பேரில் நான்கு பேர் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கோபுரச் சுவரில் விரிசல் வேறு. பதிவு மணி ஒரு நொடி பிசகாமல் அடிக்கிறது. எனக்கு அதைக் கேட்டபோது ஐரோப்பியக் கதீட்ரல் ஒன்று வெல்ல மண்டிக்கு வழி தவறி வந்துவிட்டது போலிருந்தது. கோஷ்டி ஒன்றே ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறது. துக்க மணியும் புது வருஷத்து மணியும் கயிற்றில்தான். விளக்கெண்ணெய் விடும் வேலை இப்போது ஆட்டோக்காருடையது. கயிறு பிடிக்க ஒரு பையனைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். “இன்னும் டொக்குன்னுதான் அடிக்கிறான்” என்றார்.

என் மொழிபெயர்ப்புச் சிக்கலை நர்ஸிடம் சொன்னேன். நாக்கின் ஒரு பக்கம் தோல் கட்டுவதை விளக்கினேன். “அதாவது ஒரு தடவை முழுக்குரல், ஒரு தடவை அரைக்குரல்” என்றார். குறிப்பில் ‘அரைக்குரல் மணி’ என்றே எழுதி அனுப்பினேன். எம்.ஏ. தமிழ் எனக்குத் தராத சொல்.

திருப்பதி ரயிலில் கடைசிக்கு முன் சந்திரகிரி. விஜயநகரத்தின் கடைசிக் கால அரசர்கள் தங்கிய கோட்டையும் ராஜ மகாலும் பாறை மலையின் அடியில் இருக்கின்றன. தொல்லியல் துறை பராமரிக்கிறது. இங்கிருந்து திருமலை வரை மணி மண்டபங்கள் இருந்தன என்று ஊரார் சொல்கிறார்கள். மலையில் சுவாமிக்கு நைவேத்தியம் ஆனதும் மணி அடிக்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள், அதைக் கேட்டு அதற்கடுத்ததில். ஒலி சந்திரகிரி வந்து சேர்ந்த பிறகே ராயர் இலையில் கை வைப்பாராம். தமிழ் வாசகருக்கு உடனே கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். திருச்செந்தூர் முருகனுக்குப் பூஜை ஆன செய்தி இதே மாதிரி மண்டபம் மண்டபமாகப் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடி வந்ததாக நம் பக்கத்துக் கதை. இரண்டு கதைகளிலும் ராஜாவின் பசி இருக்கிறது, சுவாமியின் பசி இருக்கிறது. நடு மண்டபத்தில் வெயிலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனின் சாப்பாட்டு நேரம் எது என்று எந்தக் கதையும் சொல்லவில்லை.

இனித் திருமலையின் காணாமல் போன மணி.

காஞ்சிபுரத்தின் தூப்புலைச் சேர்ந்த அனந்தசூரியும் அவர் மனைவி தோதாரம்மையும் பிள்ளை வரம் வேண்டித் திருமலைக்கு வந்தார்கள். இரவு தோதாரம்மையின் கனவில் பெருமாள் தமது பூஜை மணியைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். காலையில் கருவறையைத் திறந்தால் மணி இல்லை. எந்தக் கோயிலிலும் நடப்பது இங்கேயும் நடந்தது, சந்தேகம் வேலைக்காரர்கள் மேல் விழுந்தது. தண்டனை கிடைப்பதற்குள், மணியைத் தாமே கொடுத்துவிட்டதாகப் பெருமாள் ஜீயர் ஒருவரின் கனவில் வந்து சொன்னதாகக் கதை முடிகிறது. கதையில் எனக்குப் பிடித்த இடம் இது. தெய்வம் இரண்டாவது கனவுக்கு மெனக்கெட்டது மணி தொட்டவர்களைக் காப்பாற்ற.

1268-ல் புரட்டாசித் திருவோணத்தில் பிறந்த அந்தப் பிள்ளைதான் வேதாந்த தேசிகர். மணியின் அவதாரம் என்று தம்மைப் பற்றிப் பேசப்படுவதை அவரே தமது ‘சங்கல்ப சூரியோதயம்’ நாடகத்தில் குறிப்பிடுகிறார். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பிராகிருதத்திலும் மணிப்பிரவாளத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள். ‘ஹம்ஸ சந்தேசம்’ காவியத்தில் ராமன் தூது அனுப்பும் அன்னம் இலங்கைக்குப் போகும் வழியில் வேங்கட மலையையும் காஞ்சியையும் கடந்து போகிறது. இன்று நாம் ரயிலில் வரும் வழி, எதிர்த் திசையில். வேங்கடத்தானின் தயையை மட்டுமே விளித்து 108 சுலோகங்களில் ‘தயா சதகம்’ பாடினார். 1323-ல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்தபோது பிணங்களுக்கு நடுவே படுத்து உயிர் தப்பி, ஸ்ரீபாஷ்யத்தின் விளக்கமான ‘ஸ்ருதப்ரகாசிகா’ சுவடியைக் காப்பாற்றியவர் என்பது குருபரம்பரைச் செய்தி. அதே கலவரத்தில் ஊர் ஊராக அலைந்த ரங்கநாதர் திருமலையில் அடைக்கலம் புகுந்திருந்தார். அங்கே ரங்கநாயக மண்டபம் இருப்பது அதனால். 1371-ல் கோபண்ணா அவரைத் திரும்ப அழைத்து வந்ததை ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டு சொல்கிறது.

நூற்றியொரு ஆண்டு வாழ்ந்து 1369-ல் தேசிகர் மறைந்ததாக மரபு. மணிதான் மனிதனாகிவிட்டதே, அவர் போனதும் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கருவறையில் அந்த இடம் சத்தமில்லாமல் விடப்பட்டது. இங்கிலாந்துக்காரர்கள் தோல் பட்டையை அவிழ்த்துவிட்டு மறுவாரம் வழக்கம்போல் அடிக்கிறார்கள். திருமலையில் பட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. இதை எல்லா வைணவர்களும் ஒரே மாதிரி கொண்டாடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். தேசிகர் பெயரைச் சொன்னாலே நாமத்தின் வடிவம் நினைவுக்கு வருகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. சண்டை அவர்களுடையது. மௌனம் எல்லோருக்கும் பொது.

திருமலையில் மணியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கருடன் சன்னதிக்கும் தங்க வாசலுக்கும் நடுவே உள்ள திருமாமணி மண்டபத்தை 1417-ல் மல்லண்ணா என்ற அமைச்சர் கட்டுவித்தார். அங்கே இரண்டு பெரிய மணிகள் தொங்குகின்றன. நைவேத்தியத்தின்போது அவை அடிக்கப்படும். இன்று நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் முரசும் மணியும் சேகண்டியும் ஒரே சட்டத்தில் பூட்டிய மின்சார இயந்திரம் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் ஆள் இல்லாமலே காது கிழியும். சேகண்டி அடித்துக்கொண்டிருந்த கிழவர் எங்கே என்று கேட்டால், குருக்கள் இயந்திரத்தைக் காட்டுகிறார்.

வெள்ளி வாசலுக்குள் வரிசை நின்றுவிட்டது. நைவேத்திய வேளை. எனக்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர், இடுப்பில் பேரன். மணி அடிக்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, அது அடங்குவதற்குள் மற்றொன்று, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கல் தூணில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. எக்கிப் பார்த்தேன். அடிக்கிறவர் தூண் மறைவில்.

“யாருங்க அடிக்கறது?” என்று அம்மாள், பக்கத்தில் நின்ற சேவகரிடம் கேட்டார். பேரன் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.

“சுவாமிக்கு போஜனம் அம்மா” என்றார் அவர், தெலுங்கு வாடையோடு.

“அது தெரியுங்க. அடிக்கறது யாருன்னு கேட்டேன்.”

சேவகர் ஒரு கணம் மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மணி நின்று, கதவு திறந்து, பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. “ஜரகண்டி அம்மா, ஜரகண்டி.”